எழுத்து போடும் நேரம்: என் குறும்பட டைட்டிலை வெட்டவா, விடவா?

#1 நூல்கண்டு

வணக்கம். 18 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்து எடிட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு சின்னத் தையல் கடை. ஊருக்கெல்லாம் கல்யாண ரவிக்கை தைக்கும் ஒருவர், சொந்த மகள் கல்யாணத்துக்கு மட்டும் தைக்க மாட்டேன் என்கிறார். கதை அவ்வளவுதான்.

பிரச்சினை டைட்டில், அதாவது ஆரம்பத்தில் பெயர்கள் ஓடுகிற பகுதி. 2 நிமிடம் 10 விநாடி ஓடுகிறது. சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் காட்டும் மேக்ரோ லென்ஸ் வாடகைக்கு எடுத்து, அதற்கென்றே இரண்டு நாள் ஷூட் செய்தோம். ஊசிக்காதில் நூல் நுழைவது, துணியில் சாக்பீஸ் கோடு விழுவது, கத்தரிக்கோல், பாபின், இன்ச் டேப்பில் தேய்ந்துபோன எண்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். ‘செவன்’ படத்தின் டைட்டிலை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். அந்தப் பாதிப்பு என்பதை மறைக்கவில்லை.

மொத்தமாகத் தூக்கு என்கிறான் எடிட்டர். படத்திலேயே நல்ல பகுதி அதுதான் என்கிறார் ஒளிப்பதிவாளர். (இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.) ஒரு டைட்டில் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

#2 ஸ்கிப்_பட்டன்

வெட்டு. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் அறிமுகத்தைத் தாண்டிப் போக ஒரு பட்டன் வைத்தது. அன்றே இந்த விவாதம் முடிந்துவிட்டது. 18 நிமிடப் படத்தில் 2 நிமிடம் பேர் போட்டால், கல்யாண வீட்டில் பந்தி போடாமல் வரவேற்புரை ஆற்றுகிற மாதிரி.

#3 பழைய_ஆபரேட்டர்

தம்பிக்கு அவசரம் போல. நான் 20 வருடம் தியேட்டரில் ரீல் ஓட்டியவன். எங்கள் காலத்தில் படம் ஆரம்பித்துவிட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். “எழுத்து போட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஓடி வருகிறவன், டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்கிற முதல் கேள்வி அது. போட்டாச்சு என்றால் முகம் தொங்கிப் போகும். அதற்கு முன்னால் சென்சார் சர்டிஃபிகேட் வரும். மொத்தம் எத்தனை ரீல் என்று அதில் பார்த்துவிட்டு, ரீல் அதிகம் என்றால் ஒரு விசில்.

ஆக, எழுத்து போடுகிற நேரம் என்பது உட்காருகிற நேரம். இடம் தேடி, முறுக்கு பொட்டலத்தைப் பிரித்து, பக்கத்து ஆளிடம் காலை நகர்த்தச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழகி, அப்புறம்தான் படம். வீட்டில் செல்போனில் பார்க்கிறவருக்கு இந்த வேலையே இல்லை, அதனால் தாண்டுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாண்டுவது பட்டன் வந்தபிறகு தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பேர் ஓடி முடியும்வரை பல தியேட்டர்களில் திரைச்சீலையையே விலக்க மாட்டார்களாம். துணி மேலேயே பேர் ஓடும். 1955இல் ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ வந்தபோது, பேர் வருவதற்கு முன்பே திரைச்சீலையைத் திறந்துவிடுங்கள் என்று ஆபரேட்டர்களுக்கு ரீலோடு ஒரு குறிப்பு போனது. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு ஒருவர் உத்தரவு போடுகிற அளவுக்கு அந்தப் பேர் போட்ட விதத்தில் சரக்கு இருந்திருக்கிறது.

#4 கோடும்புள்ளியும்

ஐயா சொன்ன அந்த டைட்டிலைச் செய்தவர் சால் பாஸ். கருப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் அவை ஒரு முறுக்கிய கையாக மாறும். படம் ஹெராயினுக்கு அடிமையான ஒருவனைப் பற்றியது. டைட்டிலில் ஊசியைக் காட்டவில்லை, மருந்தைக் காட்டவில்லை, நடிகரின் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

சரி, நூல்கண்டு கேட்டதற்கு வருகிறேன். 12 வருடமாக டைட்டில், போஸ்டர் வேலைதான் செய்கிறேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் போகிறேன், மன்னிக்கவும்.

‘செவன்’ (1995) டைட்டிலை ஐம்பது தடவை பார்த்தேன் என்கிறீர்கள். அதில் என்ன பார்த்தீர்கள்? கைல் கூப்பர் செய்தது. பிளேடால் விரல்நுனியைச் சீவுவது, நோட்டுப் புத்தகத்தைத் தைப்பது, வரிகளை மையால் அடிப்பது, டாலர் நோட்டில் கடவுள் என்ற சொல்லை மட்டும் வெட்டி எடுப்பது. எழுத்துகள் ஃபிலிமிலேயே கையால் கீறியவை, நடுங்கும், குதிக்கும். இதெல்லாம் பாணி. எல்லோரும் எடுத்துக்கொள்வது இதைத்தான். இந்தியாவில் கொலைகாரன் படம் என்றாலே 25 வருடமாக எழுத்து நடுங்குகிறது.

ஆனால் அந்த டைட்டில் எங்கே வருகிறது என்று யோசியுங்கள். முதலில் சில நிமிடம் காட்சி ஓடுகிறது. துப்பறிபவர் அறிமுகமாகி, படுக்கையில் படுத்துத் தூங்கப் போகிறார். அப்புறம்தான் டைட்டில். அது கொலைகாரனின் அறை. துப்பறிகிறவர்கள் தூங்கும்போது அவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். படத்தின் பெரும்பகுதியில் அவனுடைய முகம் நமக்குத் தெரியாது. அந்த நடிகரின் பெயர்கூட டைட்டிலில் கிடையாது, படம் முடிந்தபிறகுதான் வரும். ஆக, கதையில் இல்லாத ஆள் டைட்டிலில் இருக்கிறான். அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துவிட்டால் படத்தில் ஒரு பாத்திரமே குறைந்துபோகும்.

இப்போது உங்கள் படம். டைட்டிலில் தையல் சாமான்கள். டைட்டில் முடிந்ததும் முதல் ஷாட் என்ன? தையல்காரரும் தையல் கடையுமா? அப்படியென்றால் உங்கள் டைட்டில் படத்துக்கு ஒரு முன்னோட்டம். படமே 20 விநாடியில் சொல்லிவிடப் போவதை 2 நிமிடம் முன்கூட்டியே சொல்கிறது.

#5 நூல்கண்டு

அக்கா, முதல் ஷாட் அவர் கடையைத் திறப்பதுதான். இரண்டாவது ஷாட் மேஜைமேல் கத்தரிக்கோல்.

கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருகிறேன்.

#6 மூணாவது_வரிசை

அவர் திரும்பி வருவதற்குள் எதிர்க்கட்சிக்கு ஒரு சாட்சி. இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958). எல்லைப்புற ஊர். ஒருவன் காரில் டைம்பாம் வைக்கிறான். கேமரா மேலே ஏறி, கூரைகளைத் தாண்டி, தெருவில் இறங்கி, அந்தக் காரோடும் நடந்துபோகும் ஒரு ஜோடியோடும் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் போகிறது. ஸ்டுடியோ அந்த ஷாட்டின் மேலேயே எல்லாருடைய பெயரையும் போட்டு, ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றி வெளியிட்டது. ஸ்டுடியோ அந்தப் படத்தில் செய்த மாற்றங்களைப் பற்றி வெல்ஸ் 58 பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதன்படி 1998இல் எடிட்டர் வால்டர் மர்ச் மறுபடி எடிட் செய்த வடிவத்தில் பெயர்கள் படத்தின் கடைசிக்குப் போய்விட்டன. இசையும் இல்லை. மதுக்கடைகளிலிருந்து வரும் பாட்டு, கார் ரேடியோ, ஆட்டுச் சத்தம், இவ்வளவுதான்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் வடிவத்தில் பெயரைப் படிப்பதா, காரைப் பார்ப்பதா என்று கண் அல்லாடும். நான் முதல் தடவை பார்த்தபோது பாம் விஷயத்தையே பாதியில் மறந்துவிட்டேன். இரண்டாவது வடிவத்தில் அந்தக் கார் எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். எழுத்து என்பது சும்மா ஓரமாக உட்கார்ந்திருக்கும் பொருள் அல்ல. திரையில் எழுத்து வந்தால் கண் முதலில் அதைத்தான் படிக்கும், பிறகுதான் படத்துக்கு வரும்.

#7 பழைய_ஆபரேட்டர்

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஓடுகிற காட்சியின் மேல் எழுத்து ஏற்ற வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் ஆப்டிகல் பிரிவில் கொடுத்து, காட்சியையும் எழுத்தையும் சேர்த்து டூப் நெகட்டிவ் (நகல் நெகட்டிவ்) எடுக்க வேண்டும். நகல் எடுக்கும்போது படம் கொஞ்சம் மங்கும், புள்ளி புள்ளியாகத் தெரியும். பழைய படங்களைக் கவனித்துப் பாருங்கள். கடைசிப் பெயர் மறைந்து அடுத்த ஷாட் வந்ததும் கண்ணாடியைத் துடைத்த மாதிரி பளிச்சென்று ஆகிவிடும். ஜனங்களுக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் பளிச்சென்று ஆனதும் பேச்சு அடங்கி நிமிர்ந்து உட்காருவார்கள். கோளாறே மணியடித்த மாதிரி ஆகிவிட்டது.

#8 ஸ்கிப்_பட்டன்

மூணாவது வரிசை என் கட்சிக்கு வந்ததில் மகிழ்ச்சி. வெல்ஸே சொல்லிவிட்டார், தூக்கு.

#9 கோடும்புள்ளியும்

அந்த ஷாட்டுக்கு வேண்டாம் என்றார். எல்லா ஷாட்டுக்கும் அல்ல. 10 வருடம் கழித்து இயக்குநர் செர்ஜியோ லியோனே நேர் எதிராகச் செய்தார். ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968). ஆளில்லாத ரயில் நிலையத்தில் மூன்று துப்பாக்கிக்காரர்கள் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 10 நிமிடம். காற்றாலை கிறீச்சிடுகிறது. ஒருவனுடைய தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. ஒருவன் முகத்தில் ஈ, அதைத் துப்பாக்கிக் குழலில் பிடித்து அடைத்துவிட்டு அதன் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பின்னணி இசை கிடையாது. பெயர்கள் எப்போதாவது ஒன்று வந்து போகும். கண்ணுக்கு வேறு வேலையே இல்லாததால் பெயர் வரும்போது நன்றாகவே படிக்கிறோம். காத்திருப்பதுதான் காட்சி, பெயர்களும் சேர்ந்து காத்திருக்கின்றன. அதே காரியத்தை ஓடுகிற காரின் மேல் செய்ததுதான் முன்னதில் தப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1962). ஸ்டீபன் ஃபிராங்க்ஃபர்ட் என்ற விளம்பரத் துறைக்காரர் செய்தது. ஒரு குழந்தை சுருட்டுப் பெட்டியைத் திறக்கிறது. உள்ளே கடிகாரம், கோலிகுண்டு, பொம்மை, கலர்க் குச்சி. வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு காகிதத்தில் தேய்க்கிறது, பறவை ஒன்றை வரைகிறது, வரைந்ததைக் கிழிக்கிறது. கேமரா அந்தச் சாமான்களுக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்துபோகும். நூல்கண்டு, உங்கள் ஷூட்டும் மேக்ரோதான், இதுவும் மேக்ரோதான். ஆனால் இங்கே அந்த நெருக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. குழந்தைக்குக் கோலிகுண்டு அவ்வளவு பெரிது. அடுத்து வரப்போகும் நீதிமன்றக் கதையையும் இந்த உயரத்திலிருந்துதான் பார்க்கப் போகிறோம் என்று உட்காரவைத்துவிடுகிறது. அந்தச் சாமான்கள் யார் கொடுத்தவை என்பது படத்தில் பிறகுதான் தெரியும். தெரிந்தபிறகு டைட்டிலை மறுபடி பார்த்தால் தொண்டை அடைக்கும்.

உங்கள் மேக்ரோ யாருடைய கண்?

#10 காபி_ஆறுது

கொஞ்சம் ஊர்ப்பக்கமும் வரலாமா? எல்லாரும் ஹாலிவுட்டிலேயே குடியிருக்கிறீர்கள்.

1992, ‘அண்ணாமலை’. நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து சூப்பர் ஸ்டார் என்று எழுத்தாகும், தேவாவின் இசை, கடைசியில் பெயர். அதற்குப் பிறகு எத்தனையோ படங்களில் அதே அட்டை. டைட்டில் கார்டுக்குச் சூடம் கொளுத்துகிற ஒரே ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும். இதை எந்த இலக்கணத்தில் வைப்பீர்கள்? படத்தின் மனநிலையையும் சொல்லவில்லை, கதையையும் சொல்லவில்லை.

இன்னொன்று: 1962இல் ஜேம்ஸ் பாண்ட் முதல் படத்தில் மாரிஸ் பைண்டர் செய்த துப்பாக்கிக் குழல் டைட்டிலும் வெள்ளைப் புள்ளிகளில்தான் ஆரம்பிக்கும். கடையில் விலை ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கரை வைத்துத்தான் அந்தப் புள்ளிகளை யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பெரிய பெரிய விஷயமெல்லாம் ஸ்டிக்கரில்தான் ஆரம்பிக்கிறது.

#11 மூணாவது_வரிசை

@காபி_ஆறுது பாண்டின் குழலும் நம் புள்ளிகளும் ஒரே சாதி. அவை படத்தின் டைட்டில் அல்ல, ஆளின் டைட்டில். கோயிலில் நடை திறக்கும்முன் மணி அடிப்பது மாதிரி. அதற்குப் படத்தோடு சம்பந்தம் வேண்டியதில்லை, தடவைக்குத் தடவை மாறாமல் இருந்தால் போதும். ‘என் இனிய தமிழ் மக்களே’ என்ற பாரதிராஜாவின் குரலும் அந்த வகைதான். கண்ணை மூடியிருந்தாலும் யாருடைய வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரியும்.

#12 காபி_ஆறுது

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் போடுவதில் கலையைவிடச் சண்டைதான் அதிகம் என்பதையும் பதிவு செய்கிறேன். ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ (1974) படத்தில் ஸ்டீவ் மெக்வீன், பால் நியூமன் இருவரில் யார் பெயர் முதலில் என்று தகராறு. ஒருவர் பெயரை இடப்பக்கம் தாழ்வாகவும் இன்னொருவர் பெயரை வலப்பக்கம் உயரமாகவும் போட்டுச் சமாளித்தார்கள். இடமிருந்து படித்தால் இவர் முதல், மேலிருந்து படித்தால் அவர் முதல். நம் ஊர் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பெரியப்பாக்களைச் சமாளிக்கிற அதே வித்தை.

ஜார்ஜ் லூக்காஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ இரண்டாவது படத்தில் (1980) இயக்குநர் பெயரை ஆரம்பத்தில் போடாமல் கடைசியில் போட்டதற்கு இயக்குநர்கள் சங்கம் அபராதம் கேட்டது. கட்டிவிட்டுச் சங்கத்திலிருந்தே விலகிவிட்டார். ஆக, சில பேர் டைட்டிலைத் தாண்டுவதற்குப் பட்டன் அழுத்தவில்லை, காசு கட்டியிருக்கிறார்கள்.

#13 நூல்கண்டு

வந்துவிட்டேன். அக்கா கேட்ட கேள்விக்கு (யாருடைய கண்?) என்னிடம் பதில் இல்லை. லென்ஸ் அழகாக இருந்தது, அதனால் எடுத்தேன். அதுதான் நிஜம்.

ஒரு யோசனை. எழுத்தையே தைப்பது மாதிரி செய்தால்? ‘ஏலியன்’ (1979) படத்தில் தலைப்பு மெதுவாகக் கோடு கோடாக வந்து கடைசியில்தான் வார்த்தையாகும் இல்லையா, அது போல நூல் ஓடி ஓடி ஒவ்வொரு எழுத்தாக... படத்தின் பெயர் ‘கொக்கி’.

#14 கோடும்புள்ளியும்

ஐயோ, கொ-வில் ஆரம்பிக்கிறீர்களே.

‘ஏலியன்’ அங்கே ஏன் நடந்தது என்றால் அந்தத் தலைப்பின் ஐந்து ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் (ALIEN) நேர்க்கோடுகள். ஒற்றைக் கோட்டைக் காட்டினால் அது எந்த எழுத்தின் பாகம் என்று தெரியாது, அந்தப் புதிர்தான் பயம். தமிழில் ஒரு வளைவு வந்ததுமே கண் எழுத்தைப் பிடித்துவிடும். அதைவிடப் பெரிய வம்பு, எழுத்து எழுத்தாக விழும் எஃபெக்ட். தமிழ் தெரியாத அனிமேட்டரிடம் கொடுத்தால் ‘கொ’வை மூன்றாக உடைப்பார். முதலில் கொம்பு மட்டும் தனியாக வந்து நிற்கும், அப்புறம் க, அப்புறம் துணைக்கால். நடுவில் அரை விநாடி ‘கெ’ என்று திரையில் இருக்கும். அரங்கில் பாதிப் பேர் கெக்கி என்று படிப்பார்கள். ஒரு படத்தில் இதைத் திருத்தச் சொல்லி நான் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். எழுத்துதானே மேடம், கடைசியில் சரியாகிவிடுகிறதே என்றார்கள்.

தையல் எழுத்து வேண்டுமென்றால் கணினி வேண்டாம். ஒரு நல்ல எம்பிராய்டரிக்காரரிடம் நிஜமாகவே தைக்கக் கொடுத்து, தைப்பதைப் படம் எடுங்கள். அவர் கொம்பை எப்போது போடுகிறாரோ அதுதான் சரியான வரிசை. ‘கேட்ச் மி இஃப் யூ கேன்’ (2002) டைட்டிலில் ஓடுகிற மனிதர்களை அந்த பிரெஞ்சு இருவர், குன்ட்ஸலும் டெகாவும், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி கையால் செதுக்கி, மை தொட்டு அச்சடித்துத்தான் உருவாக்கினார்கள். கள்ளக் கையெழுத்துக்காரன் கதைக்கு ஸ்டாம்ப். அந்தக் கைவேலையின் பிசிறு கணினியில் வராது.

#15 ஸ்கிப்_பட்டன்

இன்னும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 18 நிமிடம். 2 நிமிடம் 10 விநாடி. ரப்பர் ஸ்டாம்போ வெள்ளித் தட்டோ, யாருக்கு நேரம் இருக்கிறது?

#16 பழைய_ஆபரேட்டர்

நூல்கண்டு தம்பி, ஒன்று கேட்கிறேன். படத்தில் அந்த ஆள் மிஷினை ஓட்டுகிறாரா?

#17 நூல்கண்டு

இல்லை ஐயா. தைக்க மாட்டேன் என்கிறதுதானே கதை. படம் முழுக்க மிஷின்மேல் துணி போர்த்தியே இருக்கும். கடைசி ஷாட்டில் துணியை எடுப்பார், அதோடு முடிகிறது. ஓட்டுகிறாரா என்று காட்டவில்லை.

#18 பழைய_ஆபரேட்டர்

அப்படியானால் உங்கள் படத்தில் இல்லாத ஆள் அந்த மிஷின்தான். அம்மாள் முதலிலேயே சொன்னதை நான் மிஷினுக்குப் பொருத்திப் பார்க்கிறேன், அவ்வளவுதான். சத்தத்தை மட்டும் போடுங்கள். கருப்புத் திரை, பேர்கள், கால் மிதிக்கிற தையல் மிஷின் ஓடுகிற சத்தம். வளைவில் மெதுவாகும், நேர் தையலில் வேகம் பிடிக்கும், நூல் அறுந்தால் நிற்கும். ஜனங்களுக்கு எல்லாம் தெரியும், எந்த வீட்டில் கேட்காத சத்தம் அது! நிறுத்திவிட்டுப் படத்துக்குப் போங்கள். அப்புறம் படம் முடியும்வரை அந்தச் சத்தம் வராது. வராதது காதில் விழும்.

#19 கோடும்புள்ளியும்

ஐயா, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?

நூல்கண்டு, பெயர்களைத் தையலின் தாளத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு அட்டையும் நிதானமாக இரண்டு தடவை படிக்கிற நேரம் நிற்கட்டும், அதற்குக் குறைய வேண்டாம். மொத்தம் 40 விநாடிக்குள் முடியும்.

#20 மூணாவது_வரிசை

கருப்புத் திரையில் எழுத்து என்றால் கண் அல்லாடுகிற பிரச்சினையும் இல்லை. வெல்ஸுக்கும் ஆட்சேபம் இருக்காது.

#21 ஸ்கிப்_பட்டன்

40 விநாடி என்றால் பட்டனைத் தேடுவதற்குள் முடிந்துவிடும். எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் மேக்ரோ லென்ஸ் வாடகை போச்சே.

#22 நூல்கண்டு

போகட்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டியிடம் பழைய கால்மிஷின் இருக்கிறது. இன்று சாயங்காலம் ரெக்கார்டரோடு போய் ஒரு மணி நேரம் எடுத்தேன். தலையணை உறை தைத்துக் கொடுத்தார். நடுவில் நிஜமாகவே நூல் அறுந்தது, அவர் ஒரு “ப்ச்” என்றார். அந்த ப்ச்-சையும் வைத்துக்கொண்டேன். அதோடுதான் டைட்டில் முடிகிறது. 38 விநாடி. ஒளிப்பதிவாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

#23 பழைய_ஆபரேட்டர்

நல்லது. அனுப்பும் முன் பேர்களை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள். நீங்கள் எத்தனை தடவை பார்த்தாலும் உங்கள் கண்ணில் படாது, வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்.

#24 கோடும்புள்ளியும்

ஆமாம். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) டைட்டிலை பாப்லோ ஃபெர்ரோ தன் கையாலேயே எழுதினார், ஒல்லி ஒல்லியான நெட்டை எழுத்து. நாவலைத் தழுவியது என்று சொல்கிற அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். வாக்கியமே தப்பாகிவிட்டது. இயக்குநராகக் குப்ரிக் போன்ற ஆள் இருந்தும் யாரும் கவனிக்கவில்லை. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

#25 நூல்கண்டு

எடிட்டரின் தங்கையைப் படிக்கவைத்தோம். நாலாவது அட்டையில் நிறுத்திவிட்டாள். ‘ஒலிப்பதிவு’ என்று இருக்க வேண்டிய இடத்திலும் ‘ஒளிப்பதிவு’. சத்தம் மட்டுமே இருக்கிற டைட்டிலில் சத்தம் பிடித்தவருக்குப் பெயர் இல்லை, எனக்கு இரண்டு ஒளிப்பதிவாளர்கள். மாற்றிவிட்டேன்.